பேக்கர் சகோதரர்கள்

அன்றைக்கு யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கித் தளத்தின் ஓரத்து வர்ணனைக் கூண்டில், மைக்குக்கு முன்னால் சேவியர். அவன் பக்கத்தில் ஸ்கோர் எழுதும் பிலிப்பைன்ஸ்காரப் பெண் மேரிசெல். மாடிக் காப்பிக் கடையில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் மேலாளர் கோர்டன். அவருக்கு எதிர் நாற்காலியில், ஒரு விளையாட்டுச் சேனலுக்கு வர்ணனையாளர் தேடி தோஹாவிலிருந்து வந்திருந்த மனிதர். கண்ணாடியை ஒட்டிய மேசையில் ஜுபைல் அணியின் பதினான்காம் நம்பர் ஆட்டக்காரருடைய மனைவி. நான் இல்லை. நான் கீழே கம்ப்ரஸர் ரூமில், சுவரில் தொங்கிய ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு கண்ணாடி. போன மாதம் இங்கே அமீரகத்தில், அல் ஐனில் எங்கள் ஐஸ் ரிங்கின் காப்பிக் கடைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உள்ளே சூடேறும் கம்பி வைத்த புதுக் கண்ணாடி மாட்டினார்கள். இனி அதில் ஆவி படியாது. ஆகவே வர்ணனையும் தேவையில்லை. முப்பத்து நான்கு வயதில் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். கம்ப்ரஸர் டூட்டி அப்படியே இருக்கிறது, சம்பளம் அதற்குத்தான். ரிட்டயர் ஆனது மற்றதிலிருந்து. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவர் டீ குடிக்கும்போது கேட்டார்கள்: "அண்ணே, நீங்க ஐஸ் ஹாக்கிக்கு கமெண்ட்ரி சொன்னீங்களாமே? இந்த மணல்லயா? சும்மா கத விடாதீங்கண்ணே." சொன்னேன், உண்மைதான். ஆனால் சொல்ல ஆரம்பித்ததும் வாயில் வந்தது என் கதை இல்லை, சேவியர் கதை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

எனக்குப் பெரம்பலூர் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம். தண்ணீரை உறைய வைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள அல் ஐன் வந்தேன். அதற்கு முன் அந்த ஆட்டத்தைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. பந்துக்குப் பதில் பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு, பூட்ஸின் அடியில் கத்தி, அணிக்கு ஆறு பேர், இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. இதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

ஆட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில். ஆடுகிறவர்கள் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்கள், பள்ளி ஆசிரியர்கள், உள்ளூர் அரபு இளைஞர்கள். குடும்பங்கள் மாடிக் காப்பிக் கடையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர், இந்தப் பக்கம் காப்பி, மூச்சு, பிள்ளைகள். பத்து நிமிடத்தில் கண்ணாடி வெள்ளையாகிவிடும். கையால் துடைத்தால் கொஞ்ச நேரம் தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். தங்கள் வீட்டுக்காரர் ஆடுவதைப் பார்க்க வந்தவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கோர்டன் கனடாவில் ஒரு சின்ன ஊர் ரேடியோவில் வர்ணனை சொன்னவர். கீழே ஒரு மைக்கும் காப்பிக் கடையில் ஸ்பீக்கரும் வைத்துத் தானே பேச ஆரம்பித்தார். அதே குரல் வீடியோவிலும் பதிவாகும். டிஸ்க் போட்டு ஆட்டக்காரர்கள் வீட்டுக்கு வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கூண்டின் ஹீட்டர் கெட்டுப்போய் நான் சரிசெய்து கொண்டிருந்தேன். கோர்டனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முகம் சிவந்து மைக்கை என் பக்கம் திருப்பி, பேசு என்று கையைக் காட்டினார். எனக்குத் தெரிந்த பாடப்புத்தக ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஒன்பதாம் நம்பர் போகிறான். இன்னும் போகிறான். இப்போது போகவில்லை." மாடியில் சிரித்த சிரிப்பு கீழே கேட்டது. கோர்டன் சிரிக்கவில்லை. தொண்டையைப் பார்த்த டாக்டர் இனி கத்தக்கூடாது என்று சொல்லிவிட, அடுத்த வாரம் கோர்டன் என்னை மைக்குக்குக் கூப்பிட்டார்.

அவர் சோதிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு அட்டையில் தளத்தை வரைந்து வைத்திருப்பார். கண்ணாடிக்கு முதுகைத் திருப்பி உட்காருவார். ஒரு சோடா மூடியை அட்டையில் வைத்து, நான் சொல்லச் சொல்ல அதை நகர்த்துவார். யாரிடம் இருக்கிறது, எங்கே இருக்கிறது, இரண்டே கேள்வி. பகுதி முடிந்ததும் கூண்டுக்கு வருவார். திட்டமாட்டார். நான் எந்த இடத்தில் பக்கைத் தொலைத்தேனோ அந்த இடத்தில் மூடியை வைத்து அட்டையை என் முன்னால் தள்ளுவார், அவ்வளவுதான். ஒரு வருடம் அந்த மூடி என் கனவில் வந்தது.

பெயர்கள்தான் என்னைக் கொன்றன. ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. 'ஹியூஸ்' என்ற மனிதரை எழுத்துக் கூட்டி 'ஹக்கெஸ்' என்று ஒரு முழு ஆட்டத்துக்கும் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். வெளியூர் அணி வந்து இறங்கியதும் நோட்டோடு போய் ஒவ்வொருவரையும் அவர் பெயரை அவர் வாயால் சொல்லச் சொல்லி, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிக்கொள்வேன். வேகத்தில் கண் தேடுவது தாய்மொழி எழுத்தைத்தான். ஒரே ஒரு சிக்கல். தமிழில் ஒரு 'ப'தான். உதட்டில் வெடிக்கிற ப, தொண்டையில் அதிர்கிற ப, இரண்டுக்கும் அதே எழுத்து. ஆகவே அதிர்கிற எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போடுவேன். க, ட, த எல்லாவற்றுக்கும் அப்படியே. இதில் எனக்குப் பெருமை இருந்தது. ஆட்டம் முடிந்ததும் என் பேப்பர்களைக் கோர்டன் வாங்கி ஆணியில் குத்தி வைப்பார்.

இரண்டு வருடம் கழித்து ஸ்கேட் வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டருக்கு சேவியர் வந்தான். கன்னியாகுமரிக் கடற்கரை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன். நான் அதைத் தெரிந்துகொண்டபோது அடைந்த நிம்மதியை இன்றும் வெட்கத்தோடு நினைக்கிறேன். மாதா கோவிலில் பைபிள் வாசகம் படித்தும், படகுக்குப் படகு கூப்பிட்டும் வளர்ந்த குரல். நான் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம் மைக் அவன் கைக்குப் போனது. திரும்பி வந்தபோது காப்பிக் கடையில் பிள்ளைகள் ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். கோல் காக்கிறவர் கையுறையில் பக்கைப் பிடித்தால், "கூடையில் விழுந்த மத்தி மீன்!" என்பான் ஆங்கிலத்தில். மேசையைத் தட்டுவார்கள். ஆங்கில இலக்கணம் அவன் வாயில் நொறுங்கும், யாருக்கும் கவலையில்லை. நானும் ரூமில் உட்கார்ந்து உவமைகள் எழுதிப் பார்த்தேன். "பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஓடிப்போய் ஏறும் கண்டக்டர் போல" என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னேன். மாடியில் யாரோ கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

கோர்டனிடம் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன், எங்களில் யார் வர்ணனை நல்லது என்று. அவர் யோசித்துச் சொன்னார்: "செல், நீ சொல்லும்போது நான் தொலைந்துபோவதில்லை. சேவியர் சொல்லும்போது தொலைந்துபோகிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது."

செல்வராசு என்ற என் பெயரை அவர் செல் என்று சுருக்கியதுகூட அன்றைக்கு வலித்தது.

பிறகு அந்தப் போட்டி. வளைகுடாவிலிருந்து நான்கைந்து அணிகள் வருடா வருடம் வரும். இறுதி ஆட்டத்துக்கு எங்கள் அணியும் ஜுபைல் அணியும் வந்துவிட்டன. தோஹா மனிதர் அதைக் கேட்க வருகிறார் என்று தெரிந்தது. வர்ணனைக்குக் கோர்டன் சேவியரைச் சொன்னார். எனக்கு அன்று கம்ப்ரஸர் டூட்டி போட்டிருந்தது.

சவூதியில் இருக்கிற ஜுபைலில் ஐஸ் கிடையாது. கேம்ப் மைதானத்தில் சக்கரம் கட்டிப் பழகுகிறவர்கள். அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கிய அன்றே நான் வழக்கம்போல நோட்டோடு போயிருந்தேன். நாலாம் நம்பர் ஓர் இளைஞன், பேக்கர், ரொட்டி சுடுகிறவரைச் சொல்கிற பேக்கர். பதினான்காம் நம்பர் வழுக்கைத் தலை, முழங்காலில் கட்டு. அவரும் பேக்கர், மூட்டை கட்டுகிறவரைச் சொல்கிற பேக்கர். அச்சில் என் கோடு வருமோ வராதோ, அதனால் இங்கே ரொட்டி பேக்கர், மூட்டை பேக்கர் என்றே எழுதுகிறேன். மூட்டை பேக்கர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஞாபகம் வைப்பது சுலபம். அடுத்த மாதம் நான் மூட்டை கட்டுகிறேன். ஒப்பந்தம் முடிந்தது." நான்கு வருடமாக இந்தப் போட்டிக்கு வருகிறாராம், ஒரு கோல் போட்டதில்லை. "மனைவி ஒவ்வொரு வருடமும் டிஸ்க் வாங்குகிறாள். அதில் என் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவாள். போன வருடம் பதினொன்று." அந்தப் பதினொன்றையும் சொன்னவன் நான்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் சேவியர் என் ரூமுக்கு வந்தான். அதுவரை அவன் என் பேப்பரைத் தொட்டதில்லை. உள்ளூர் ஆட்டக்காரர்களை அவனுக்கு முகமே தெரியும். ஜுபைல்காரர்கள்தான் புதிது.

"லேய் ராசு, ஒனக்க பேப்பர தாடே. நான் ஒண்ணும் எழுதல்ல."

"நோட்டுல கிறுக்கலா இருக்கு. நல்லா எழுதித் தாரேன், இரு."

சுத்தமான தாளில், சுத்தமான கையெழுத்தில் எழுதினேன். கோடுகளைப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பேனா கையில்தான் இருந்தது. நோட்டில் இருந்த கோடு கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

அவன் வாங்கிப் படித்தான். நாலு, பேக்கர். பதினாலு, பேக்கர். தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிற ஊரில் அந்த எழுத்தை யாரும் ஒரு விதமாகத்தான் படிப்பார்கள். நிமிர்ந்து கேட்டான்: "இவனுவ ரெண்டு பேரும் அண்ணன் தம்பியாடே?"

நான் சொன்னேன்: "இருக்கும்."

தமிழில் அந்தச் சொல்லை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். வாசலில் திரும்பி, "எடே, எனக்கு ஜெபம் பண்ணு, என்னா?" என்றான். அதற்கும் சரி என்றேன்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் ஸ்பீக்கரில் கேட்டது: "பேக்கர் தட்டுகிறார் பேக்கருக்கு! ஜுபைலின் பேக்கர் சகோதரர்கள்!" அவனுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. மூத்தவர் நிதானம், இளையவர் துடுக்கு. தம்பி விழுந்தால் அண்ணன் தூக்குகிறார். அண்ணன் களைத்தால் தம்பி வேகம் கூட்டுகிறார். காப்பிக் கடைக்கும் கம்ப்ரஸர் ரூமுக்கும் மட்டும் போகிற குரல், தளத்தில் ஆடுகிறவர்கள் காதில் விழாது. கோர்டனுக்கும் வெளியூர் ஆட்டக்காரர்கள் பெயர் தெரியாது. மேரிசெல் எழுதுவது நம்பரை மட்டும். திருத்த ஆளில்லை. என்னைத் தவிர.

கம்ப்ரஸர் ரூமிலிருந்து கூண்டுக்கு முப்பத்தேழு படி. நான் ஏறவில்லை.

முதல் பகுதி முடிந்த இடைவேளையில் அவனே கீழே இறங்கி வந்தான், டீக்கு. கன்னமெல்லாம் குளிரில் சிவந்து, கண் மின்னியது.

"கேட்டியாடே? அண்ணன் தம்பி கத நல்லா ஓடுகு! மேல கெடந்து கை தட்டுகானுவ. ஒனக்க பேப்பருக்குத்தான் புண்ணியம் மக்கா."

"டீயக் குடி. ஆறிடும்."

அப்போதும் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அவன் மடமடவென்று குடித்துவிட்டு, "காலாஸ், முடிஞ்சு. வாறேன்" என்று படியேறினான்.

கடைசிப் பகுதி, மூன்றுக்கு மூன்று கோல். இரண்டு நிமிடம் பாக்கி. மூட்டை பேக்கர் கோலுக்கு முன்னால் தடுக்கி விழுந்தார். விழுந்த மனிதரின் மட்டையில் பக் வந்து பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. சேவியர் சொன்னது இன்றும் எனக்கு மனப்பாடம்: "மூத்த பேக்கர் விழுந்துவிட்டார், முழங்காலில் நிற்கிறார், பூசையில் நிற்பவர் போல நிற்கிறார், உள்ளே! உள்ளே! முழங்காலில் நின்று கேட்டதைக் கடவுள் கொடுத்துவிட்டார், பேக்கர்!" கீழே இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குற்ற உணர்ச்சி முதலில் வரவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். முதலில் வந்தது, இதை நான் சொல்லியிருக்கக் கூடாதா என்பதுதான்.

ஆட்டம் முடிந்ததும் மாடிக்கு ஓடினேன். பார்க்கப் போனது தோஹா மனிதரின் முகத்தை. பார்த்தது வேறு. மூட்டை பேக்கர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, வேர்வை சொட்ட மனைவியின் மேசைக்கு வந்தார். "பார்த்தாயா?" என்றார். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நனைந்துபோன கைக்குட்டையை வைத்திருந்தார்.

"எதை?"

"கோல். நான் போட்டேன்."

அவர் கைக்குட்டையை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "வேறு யாரோ என்று நினைத்தேன். மரியாதைக்குக் கொஞ்சம் கை தட்டினேன்."

தோஹா மனிதர் கையில் ஜுபைல் அணி அச்சடித்துக் கொடுத்த பெயர்ப் பட்டியல் இருந்தது. அதைக் கோர்டன் முன்னால் வைத்தார். "குரல் அற்புதம். ஆனால் பெயரைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவனை நான் எப்படி எடுப்பது?" என்றார். சேவியர் வந்ததும் கைகுலுக்கினார். விசிட்டிங் கார்டு கொடுக்கவில்லை. சேவியர் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் கோர்டன் என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று ஆணியில் குத்தியிருந்த என் பழைய பேப்பர். மற்றொன்று சேவியருக்கு நான் எழுதிக் கொடுத்தது. பக்கத்தில் பக்கமாக வைத்து, புதுத் தாளின் மேல் சோடா மூடியை வைத்தார். பழைய பழக்கம்தான். நான் தொலைத்த இடத்தில் மூடி.

"உன் மொழி எனக்குப் படிக்கத் தெரியாது, செல். ஆனால் இதில் கோடுகள் இருக்கின்றன. இதில் இல்லை. கோடுகள் எங்கே?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "சேவியரிடம் நான் சொல்லப்போவதில்லை" என்று தாளை என் பக்கம் தள்ளினார். "அது என் வேலை இல்லை."

நாங்கள் தங்கியிருந்த கேம்ப் சமையலறையில் சேவியர் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். அடுப்புச் சத்தத்தில் பாதி கேட்காமல் போகட்டும் என்று நினைத்துத்தான் அங்கே சொன்னேன். அவன் அடுப்பை அணைத்துவிட்டான்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். கோடு, பேனா, எல்லாம்.

"நான் கேட்டேன்லா, அண்ணன் தம்பியான்னு?"

"கேட்ட."

"இருக்கும்னு சொன்ன."

"ஆமா."

"டீ வேற போட்டுத் தந்தியேடே, பாவி."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். கரண்டியைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான். பிறகு சொன்னான்: "அந்த வேல எனக்குத்தான் வேணும்னு ஒரு வார்த்த நீ வாய்தொறந்து சொல்லிருக்கலாம்லா? நான் விட்டுத் தந்திருக்க மாட்டேன், கேட்டியா. ஆனா சண்ட போட்டிருப்போம். மனுசனுக்கு மனுசன் அது நல்லது." பொரித்த மீனில் ஒன்றை என் தட்டில் வைத்தான். தின்றேன். அதன் முள்ளைக்கூட எடுக்கத் தோன்றவில்லை.

தோஹாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன், தவறு என்னுடையது என்று. பதில் வரவில்லை. அடுத்த வருடம் சேவியர் புஜைரா துறைமுகத்துக்குப் போய்விட்டான். இப்போது அங்கே கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் பேசுகிற வேலை. மைக் எனக்கே வந்தது, இறுதி ஆட்டங்கள் உட்பட. காப்பிக் கடையில் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, "சேவியருக்கு அப்புறம் வந்தவர்" என்பார்கள். அவனுக்கு இரண்டு வருடம் முன்னால் வந்தவன் நான். யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் அவன் போவதற்கு முன்பே, அந்த இறுதி ஆட்டம் முடிந்த இரண்டாம் வாரமே, ஒரு காரியம் செய்தோம். மூட்டை பேக்கர் ஊர் திரும்புவதற்குள் அந்த டிஸ்க்கைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தோம். கடைத்தெருவில் ஒரு மலையாளி கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். குரலை மாற்றிப் பதிய முடியும் என்றார். நான் பேசுகிறேன் என்றேன், செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று. சேவியர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மிச்சமெல்லாம் எனக்க குரல்லா இருக்கு? நடுவுல ஒனக்க குரல் வந்தா அந்தப் பொம்பள என்ன நெனப்பா?" நியாயம்தான். அவனுக்கு என் ஆசை தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் கோடு போட்ட தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பேசப் பேச விரலால் காட்டினேன். சகோதரர்கள் போனார்கள். அண்ணன் போனார், தம்பி போனார். அந்தப் பெயரை உதட்டில் வெடிக்க வெடிக்கப் பத்தொன்பது தடவை சொன்னான். கடைசியாகக் கோல். "முழங்காலில் நிற்கிறார், உள்ளே!" என்று சொல்லி அந்தப் பெயரில் முடித்தபோது, ஸ்டுடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எந்தா சேட்டா, ஒன்னுகூடி கேக்கணும்" என்றார், இன்னொரு தடவை கேட்க வேண்டுமாம். முதல் தடவையைவிட நன்றாக இருந்தது. அப்படி ஒரு கோலை வாழ்க்கையில் ஒரு தடவை சொல்லக் கிடைத்தாலே போதும் என்று நான் ஏங்கினேன். அவனுக்கு இரண்டு தடவை கிடைத்தது. இரண்டாவதை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பணம் கொடுக்கும்போது நான் முழுவதையும் எடுத்து வைத்தேன். சேவியர் பாதியைத் திருப்பி என் சட்டைப் பையில் செருகினான். "அந்தாளு மொகத்துக்கு நேர போயி ஒம் பேரு என்னன்னு கேக்காம விட்டது நான்லா? எனக்கும் உண்டு" என்றான். முழுப் பழியைக்கூட அவன் எனக்கு விட்டுத்தரவில்லை. ஸ்டுடியோவுக்கு முந்நூறு, டிஸ்க்குக்கும் உறைக்கும் இருபது, ஜுபைலுக்குக் கூரியர் தொண்ணூறு. நானூற்றுப் பத்து திர்ஹாம். ஆளுக்கு இருநூற்று ஐந்து.